சார்ஜ் ஓட்டையில் சிக்கிய பஞ்சு

அன்புத் தங்கை குண்டூசிக்கு, அண்ணன் எழுதிக்கொள்வது.

நானும் உன் அண்ணியும் உடம்பளவில் நலம். மனசளவில் எப்படி என்பதை இந்தக் கடிதத்தின் மீதிப் பக்கங்களில் பார்த்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இது ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவனின் கையெழுத்து. படிக்கச் சிரமமாக இருந்தாலும் மாப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே, நீயே படி. நான் வெட்கப்பட வேண்டிய சங்கதிகள் நிறைய இருக்கின்றன. நாற்பத்தெட்டு வயசுப் பெண்ணை இன்னும் குண்டூசி என்று எழுதலாமா என்று உன் அண்ணி தோளுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள். ஒல்லியாக இருந்ததற்காக வைத்த பேர் இல்லை அது, குத்தினால் ஆழமாக இறங்கும் என்பதற்காக வைத்தது, இப்போதும் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அவளை அடுக்களைக்கு அனுப்பிவிட்டேன்.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று கேட்பாய். ஐந்து நாளாக உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மணி ஒரு தடவை அடிக்கத் தொடங்கிப் பாதியிலேயே வாயை மூடிக்கொள்கிறது. லைன் கோளாறு என்று நினைத்தேன். உன் அண்ணிதான் சொன்னாள், "அவ உங்களை பிளாக் பண்ணிட்டா."

"அப்படின்னா?"

"கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டா."

"நான் அவ கூடப் பிறந்தவன்."

"அதான் தாழ்ப்பாள். மத்தவங்களுக்கு வெறுமனே சாத்தினாப் போதும்."

நேரே வந்துவிடலாம் என்று போன செவ்வாய்க்கிழமை பஸ் நிலையம் வரை போனேன். டிக்கெட்டும் எடுத்தேன். உன் ஊருக்கு அஞ்சு மணி நேரம். அஞ்சு மணி நேரத்தில் என்ன பேசுவது என்று யோசித்து வைத்துக்கொள்ளலாம் என்றுதான் ஏறினேன். பஸ் கிளம்புவதற்குள் யோசித்தது எல்லாம் தீர்ந்துவிட்டது, இறங்கிவிட்டேன். முப்பது வருஷமாகப் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கிக் கழிவுப் பஞ்சு விற்றவன், முன்பின் தெரியாத முதலாளி முன்னால் நின்று அரை நிமிஷத்தில் பேச்சை ஆரம்பிப்பவன், சொந்தத் தங்கை வாசலில் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதனால் இது. காகிதத்துக்கு சார்ஜ் போட வேண்டியதில்லை, எந்தக் கம்பெனிக் காகிதம் என்று பார்த்து அது உன் வீட்டு வாசலில் நிற்கப்போவதும் இல்லை.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். எல்லாம் நீ கொடுத்த போனில்தான் தொடங்கியது. குற்றம் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நீ புதுசு வாங்கியபோது உன் பழைய போனை என்னிடம் கொடுத்தாய். இரண்டு பேரும் ஒரே சாதி போன் வைத்திருந்தால் செய்தி தனிப் பாதையில் வந்து சேரும், படம் மங்காது, நடுவில் யாரும் கிடையாது என்றாய். எல்லாவற்றையும் ஒரே கம்பெனிக்காரன் பூட்டி வைத்துச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டிருப்பதால் நம் வீட்டில் அதற்குப் பூட்டுப் போன் என்று பேர். பத்துக் கம்பெனி போட்டி போட்டு விற்கும் மற்ற சாதிக்குச் சந்தைப் போன் என்று பேர். உன் பூட்டுப் போனைக் கையில் வாங்கியதும் நான் கேட்ட முதல் கேள்வி நினைவிருக்கிறதா? பேட்டரி ஹெல்த் தொண்ணூற்றொன்று சதவீதம் என்று காட்டியது. "மீதி ஒன்பது எங்கே?" என்றேன். "நான் தின்னுட்டேன்" என்றாய். இருபதுக்குக் கீழே இறங்க விடாதே, எண்பதுக்கு மேலே ஏற்றாதே, வெயிலில் வைக்காதே, பேட்டரி நாள்பட உழைக்கும் என்று மூன்று தடவை சொல்லிக் கொடுத்தாய். நான் பொதி கட்டிப் பிழைக்கிறவன். எண்பதோடு நிறுத்து என்றால் எனக்குக் கை நிற்குமா? பொதி என்றால் திமிரத் திமிர அமுக்கிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் லாரியில் காற்றைத்தான் ஏற்றி அனுப்புகிறோம் என்று அர்த்தம். பகல் பூராவும் ஜன்னலோரம், பஞ்சுப் பொதி மேலே, சுள்ளென்ற வெயிலில் நூறுக்கு ஏற்றி வைத்தேன். ஒரு வருஷத்தில் எழுபத்தொன்பது என்று காட்டிவிட்டு, பேட்டரியைச் சரிபார்க்கவும் என்று கீழே ஒரு வரியும் எழுதிவிட்டது. என்னைப் பற்றி என் போனே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அதுகூடப் பரவாயில்லை. அதற்குள் சார்ஜ் ஓட்டை மக்கர் செய்ய ஆரம்பித்தது. வயரைச் செருகினால் நிற்காது. இடது பக்கம் சாய்த்து, கொஞ்சம் தூக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு விட்டால் ஏறும். தும்மினால் நின்றுவிடும். வயரில்தான் கோளாறு என்று புது வயர் வாங்கினேன். பிறகு இன்னொன்று. மொத்தம் ஏழு வயர் வாங்கினேன், அதில் மூன்று சந்தைப் போனுக்கு உள்ளவை, பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கின்றன, செருகினால்தான் ஜாதகம் தெரிகிறது. கடைசியில் போனை மேசையில் படுக்க வைத்து, வயரைச் சாய்த்து, அதன் கழுத்தில் இரண்டு கிலோ எடைக்கல்லைத் தூக்கி வைத்தேன். ஏறியது. அந்தக் கல் இல்லாமல் தராசு ஒரு மாசம் சும்மா நின்றது, வந்தவர்கள் எல்லோரும் "என்ன முதலாளி, போனை எடை போடறீங்களா" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அடைப்பு இருந்தால் குத்தி எடுக்க வேண்டியதுதானே? குத்த என்னிடம் என்ன இருக்கும்? கோணி ஊசி இருந்தது. பொதி தைக்கிற ஊசி, ஒரு சாண் நீளம். அதன் மொட்டைப் பக்கத்தை உள்ளே விட்டேன். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. கை தன்னாலே பழைய வேலையைச் செய்தது, தங்கச்சி. மெத்தென்று எது தட்டுப்பட்டாலும் அமுக்குவது என் கைக்குப் பழக்கம். அமுக்கினேன். இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது, இன்னும் கொஞ்சம் அமுக்கினேன். உலகத்திலேயே சின்னப் பஞ்சுப் பொதியை ஒரு போனுக்குள் கட்டி வைத்தவன் நான்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு எடைக்கல்லுக்கும் அது மசியவில்லை.

பஸ் நிலையத்துக்கு எதிரே போன் சரிபார்க்கும் ஒரு அம்மா இருக்கிறார். கண்ணில் ஒற்றைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாம் பேசுவது காதில் விழாத மாதிரி வேலை செய்வார், எல்லாம் விழும். போனைத் திருப்பி விளக்கில் காட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளே பஞ்சு அடைச்சிருக்கு சார், அஞ்சு நிமிஷ வேலை" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பஞ்சு வியாபாரியைப் பார்த்து உன் போனில் பஞ்சு என்றால், உன் சரக்கு பறக்கிற சரக்கு என்று சொல்கிற மாதிரிதானே? "என் குடோன்ல ஒரு இழை பறக்காது" என்றேன். "சரி சார், அப்ப வேற எதுவோ வெள்ளையா மெத்து மெத்துன்னு இருக்கு" என்றார். அதோடு அந்த அம்மா சொன்ன கூலியும் என்னைக் கெடுத்தது. இவ்வளவு பெரிய வியாதிக்கு இவ்வளவு சின்னக் கூலியா, ஏதோ ஏமாற்றுகிறார் என்று போனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

போகிற போக்கில், புதுசு வாங்கினால் எந்த சாதி போன் வாங்கலாம் என்று மட்டும் கேட்டேன். நான் எதிர்பார்த்தது கேமரா, விலை, பேட்டரி என்று ஏதாவது. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"நீங்க யாரோட அதிகம் பேசுவீங்க சார்?"

"வியாபாரிங்களோட."

"வீட்டு ஆளுங்க?"

"அவங்க என் வீட்டுல இருக்காங்களே, அவங்களோட பேசப் போன் எதுக்கு?"

"அப்ப எதை வேணாலும் வாங்குங்க. ஆனா சிம்மைக் கழட்டறதுக்கு முன்னாடி இந்தப் போன்ல மெசேஜை அணைச்சுட்டுக் கழட்டணும். இல்லேன்னா இதே கம்பெனி போன் வச்சிருக்கிறவங்க அனுப்பறதெல்லாம் இந்தச் செத்த போனைத் தேடித்தான் வரும், புதுசுக்கு வராது. வாங்கறப்ப எங்கிட்ட வாங்க, செஞ்சு தரேன்."

உன் பேரைச் சொல்ல எனக்கு அப்போது தோன்றவே இல்லை. எவரிடம் அதிகம் பேசுவேன் என்று கேட்டால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிற உன்னைச் சொல்லியிருக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, இரண்டு தெரு தள்ளி விலை கொஞ்சம் குறைத்துக் கொடுத்த இன்னொரு கடையில் சந்தைப் போன் வாங்கிவிட்டேன். பேரம் பேசித்தான் வாங்கினேன். பூட்டுப் போன்காரனிடம் பேரம் பேச முடியாது, சொன்ன விலைதான், அதுதான் எனக்கு அவனிடம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்காத விஷயம். புதுக்கடைக்காரன் பழசிலிருந்து சிம்மைப் பிடுங்கிப் புதுசில் செருகிக் கும்பிட்டு அனுப்பினான். மெசேஜை அணைப்பதாவது ஒன்றாவது. குறைத்து வாங்கிய காசுக்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இந்த முப்பது வருஷத்தில் நான் அடித்த பேரங்களிலேயே அதிக நஷ்டம் வந்தது இதில்தான்.

புதுப் போன் கெட்டிக்காரப் போன். தெரியாத நம்பரிலிருந்து யாராவது கூப்பிட்டால், தொந்தரவு அழைப்பாக இருக்கலாம் என்று சிவப்பில் காட்டும். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. கடன் வேண்டுமா, நிலம் வேண்டுமா என்று கேட்கிறவர்களை எல்லாம் நாலு பேர் முன்னால் ஸ்டைலாகக் கட் பண்ணினேன். ஒரு நாள் காலையில் ஒரே நம்பர் இரண்டு தடவை சிவப்பில் வந்தது. இரண்டு தடவையும் கட் பண்ணிவிட்டு உன் அண்ணியிடம், "பாத்தியா, என் போன் மோப்பம் பிடிக்குது" என்று பீற்றிக்கொண்டேன். அது நீ கடைக்கு வாங்கிய புது நம்பர் என்று இப்போது தெரிகிறது. 

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. நானாகக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. வியாபாரத்தில் முதலில் வாய் திறக்கிறவன்தான் இறங்கிப் போக வேண்டிவரும் என்பது நான் பிழைத்த வழி. ஒரு பொதிக்கு முன்னால் இரண்டு வியாபாரிகள் அரை நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாய். உனக்கும் அந்தப் பாடத்தை நான்தான் நடத்தினேன், நீ என்னைவிட நன்றாகப் படித்துவிட்டாய். அவள் கூப்பிடட்டும் என்று நான் உட்கார்ந்தேன், அவன் கூப்பிடட்டும் என்று நீ உட்கார்ந்தாய். நடுவில் பொதி எதுவும் இல்லை, அது மட்டும்தான் வித்தியாசம்.

இந்த நிலைமையில் லாரி டிரைவர் ஒருநாள் குடோனுக்கு வந்தார். எனக்கும் ஓட்டுவார், எதிர் குடோன்காரனுக்கும் ஓட்டுவார், அவரை உனக்குத் தெரியும். "உங்க தங்கச்சி கடைக்கு நாலு பொதி இறக்கிட்டு வரேன் முதலாளி. கடை ஜம்முனு இருக்கு" என்றார். எனக்கு எந்தக் கடை, என்ன கடை என்று ஒன்றும் தெரியாது. கூடப் பிறந்தவள் கடை திறந்திருக்கிறாள், எனக்கு ஒரு வார்த்தை இல்லை, அதிலும் பஞ்சை எதிர் குடோனில் வாங்குகிறாள். டிரைவர் முகத்தைப் பார்த்தேன், அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மானம் போகிறதே என்று, "தெரியும் தெரியும். நான்தான் அங்க வாங்கச் சொன்னேன். நம்ம சரக்கு இப்ப எல்லாம் வெளியூருக்குப் போயிடுது" என்றேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது பார். ஒரு நிமிஷ கௌரவத்துக்குச் சொன்னது. டிரைவர் தலையாட்டிவிட்டுப் போனார், நான் அதை அன்று மாலைக்குள் மறந்துவிட்டேன்.

இனி நடந்ததுதான் நான் எழுத வந்தது. போன வாரம் உன் அண்ணி மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்யும்போது செத்துக் கிடந்த பூட்டுப் போனை எடுத்து, இதை யாருக்காவது கொடுத்துவிடலாம், அதற்கு முன்னால் உயிர் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று என்னையும் இழுத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் போனாள். அவர் போனை வாங்கி விளக்கடியில் வைத்தார். பல் குத்துகிற மரக்குச்சி ஒன்றை எடுத்து, ஓட்டைக்குள் பக்கவாட்டில் விட்டு, மெதுவாகச் சுழற்றி வெளியே இழுத்தார். வந்தது பார், திரி திரியாக. கடைசியில் கட்டியாக ஒன்று வந்து விழுந்தது, ஓட்டையின் அச்சு அப்படியே அதில் இருந்தது. அதை எடுத்து விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்தேன். என் கைக்குத் தெரியாதா? என் குடோன் சரக்குதான், இரண்டாம் தரம். "பறக்காத பஞ்சு" என்றார் அந்த அம்மா. கூலி முன்பு சொன்ன அதே கூலிதான். என் கோணி ஊசிக்கு உள்ளே எதுவும் வளையாமல் போனது என் அதிர்ஷ்டம் என்றார்.

வயரைச் செருகினார். சாய்க்கவில்லை, கல் வைக்கவில்லை. ஏறியது. பத்து நிமிஷத்தில் எழுந்தது. தன் கடை வைஃபையில் அதைச் சேர்த்தார், சேர்த்ததும் போன் மேசையில் துடிக்க ஆரம்பித்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் இதெல்லாம் வந்திருக்காது என்றார். எட்டுச் செய்திகள். நீ அனுப்பிய ஒன்றுகூட அதுவரை என் கண்ணில் பட்டதில்லை. அங்கேயே நின்று படித்தேன். உன் அண்ணி பக்கத்தில் நின்று அவளும் படித்தாள். நீ எழுதியது உனக்குத் தெரியும், இருந்தாலும் நான் முழுக்கப் படித்தேன் என்பதற்குச் சாட்சியாக இங்கே எழுதுகிறேன்.

"அண்ணா, நாளைக்குத் திறக்கறேன். கதவுக்குப் பக்கத்துல உனக்குன்னு நாற்காலி போட்டிருக்கேன்."

"பத்தரை வரைக்கும் பாத்தோம். அப்புறம் இவர்தான் முதல் தலையணையை வாங்கினாரு. சொந்தக் கடையில காசு குடுத்து வாங்கிட்டு, விலை ஜாஸ்திங்கறாரு."

அடுத்தது ஒரு படம். நாற்காலி, அதன் மேல் ஒரு திண்டு, வேறு ஒன்றும் இல்லை.

"டிரைவர் இன்னிக்கு ரெண்டாவது லோடு எடுத்துட்டு வந்தாரு. நீதான் அங்க வாங்கச் சொன்னியாம். வர மனசில்லேன்னாலும் வழி சொல்லியிருக்கே, அது போதும்ணா. உன் வாக்கை நம்பிப் பத்துப் பொதியையும் பிரிச்சுப் பாக்காம இறக்கிட்டேன்."

"பொதிக்குள்ள ஒரு வாடை அடிக்குது. என்ன செய்யட்டும்?"

"கடை போன்லேர்ந்து ரெண்டு தடவை கூப்பிட்டேன். கட் பண்ணிட்டே."

"விடுதிக்காரங்க நாப்பது தலையணையும் திருப்பி அனுப்பிட்டாங்க. பூஞ்சை வாடையாம். தைக்க வந்த ரெண்டு பேரையும் இன்னிக்கு நிறுத்திட்டேன்."

"சரிண்ணா. இனிமே உன்னைத் தொந்தரவு பண்ணலை. நல்லா இரு."

அந்த அம்மா எங்களைப் பார்க்காமல் வேறு ஒரு போனைப் பிரித்துக்கொண்டிருந்தார். உன் அண்ணி கடைசி வரியைப் படித்துவிட்டு, தன் பர்ஸிலிருந்து கூலியை எடுத்துக் கொடுத்தாள். 

வாடை அடித்த அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன், நீ கேட்கத்தான் செய்தாய். கட்டை அறுத்து, பஞ்சை உதறி, வெயிலில் இரண்டு நாள் பரப்பு, நடுப்பகுதியில் கறுத்ததை மட்டும் பிடுங்கி எறி, மீதியைக் காப்பாற்றிவிடலாம். இரண்டு வரி. இந்த ஊரில் அந்த இரண்டு வரியை என்னைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது. முன்பின் தெரியாத பட்டறைக்காரனுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன், காசு வாங்காமல். பொதியை இறக்கும் முன் நடுவில் கையை விட்டுப் பார், கை குளிர்ந்தால் ஈரம் என்று சின்ன வயசிலேயே உனக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். நீ கையை விட்டுப் பார்க்காமல் போனது என் பேரைக் கேட்டதால். என் வாக்கு ஈரப் பொதியாகப் போய்விட்டது, குண்டூசி.

ஆனால் ஒன்று, நியாயமாக யோசித்துப் பார். குற்றத்தை எடை போட்டால் என் பங்கு பாதிகூட வராது. சார்ஜ் ஓட்டைக்கு ஒரு பங்கு, பூட்டுப் போன்காரன் செய்தியைப் பூட்டி வைத்ததற்கு ஒரு பங்கு, மெசேஜை அணைக்காமல் சிம்மைப் பிடுங்கிய கடைக்காரனுக்கு ஒரு பங்கு, என்னைக் கேட்காமல் உன்னைச் சிவப்பில் காட்டிய சந்தைப் போனுக்கு ஒரு பங்கு. எனக்கு மிச்சம் இருப்பது டிரைவரிடம் சொன்ன அந்த ஒரு பொய்தான். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்கெல்லாம் சூழ்நிலை.

பொதி விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை லாரியில் பன்னிரண்டு பொதி அனுப்புகிறேன். முதல் தரம், நானே ஒவ்வொன்றின் நடுவிலும் கை விட்டுப் பார்த்தது. பாதி விலை போட்டால் போதும், அதையும் தலையணை விற்ற பிறகு கொடு. நிறுத்திய இரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டுக்கொள். விடுதிக்காரரிடம் நான் வேண்டுமானால் பேசுகிறேன், புதுப் போனிலிருந்து இல்லை, நேரில்.

உன் கடையில் ஊசி முறியாமல், நூல் அறாமல், எடுத்த பஞ்சு எல்லாம் தலையணையாகி, வாங்கியவர்கள் எல்லோரும் நன்றாகத் தூங்கி எழுந்து மறுபடி உன்னிடமே வர வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அண்ணன்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். விலை ஜாஸ்தி என்று அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும், ஆனால் குறைக்காதே.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் உன் அண்ணி வாங்கிப் படித்தாள். முழுக்கப் படித்துவிட்டு, "எட்டுன்னு எழுதியிருக்கீங்க" என்றாள். எட்டுதானே என்றேன். பூட்டுப் போனை எடுத்து மேலே தள்ளிக் காட்டினாள். "ஒன்பது. முதல்ல ஒண்ணு இருக்கு. அது அன்னிக்கு வந்தது இல்லை, போன் சாகறதுக்கு முந்தின நாளே வந்தது. நீங்க அதைத் திறந்து படிச்சிருக்கீங்க. படிச்சாச்சுன்னு அவ போன்ல அன்னிக்கே காட்டியிருக்கும்."

எனக்கு அப்படிக் காட்டும் என்பது தெரியாது. தெரிந்திருந்தால் மேலே உள்ள பக்கங்களை எழுதியிருக்க மாட்டேன்.

ஆகவே இதுதான் நடந்தது. போன் எடைக்கல்லுக்கு அடியில் மூன்று சதவீதத்தில் கிடந்தபோது உன் முதல் செய்தி வந்தது. "அண்ணா, மெத்தை தலையணை தைக்கிற கடை ஒண்ணு போடறேன். நீ சிரிப்பேன்னு தெரியும். சிரிச்சு முடிச்சுட்டு வா, அடுத்த வெள்ளிக்கிழமை. முதல் பொதி உன் குடோன்லேர்ந்துதான் வரணும், நீயே கையை விட்டுப் பாத்துத் தரணும்." படித்தேன். சிரிக்கவில்லை, தங்கச்சி. சந்தோஷத்தில் எழுந்து நின்றேன். அப்புறம் உட்கார்ந்தேன். உடனே சரி என்று சொன்னால் என் மதிப்பு என்னாவது, இன்னொரு தடவை கேட்கட்டும், கெஞ்சட்டும், அப்புறம் பெரிய மனசு பண்ணி ஒத்துக்கொள்ளலாம் என்று போனைக் குப்புறப் போட்டேன். மறுநாளே அது செத்தது. நீ இன்னொரு தடவை கேட்டாய், செத்த போனிடம் கேட்டாய். அந்த இரண்டாவது செய்தியின் தலையை வெட்டிவிட்டுத்தான் மேலே எழுதினேன். அது இப்படித் தொடங்குகிறது: "படிச்சுட்டே, பதில் போடலை. பரவாயில்லை."

டிரைவர் சொல்லித்தான் கடையைத் தெரியும் என்பதும் பொய். திறக்கிற நாள் எனக்குத் தெரியும். அந்த வெள்ளிக்கிழமை வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, நீ கூப்பிடுவாய் என்று பத்தரை மணி வரை இங்கே உட்கார்ந்திருந்தேன். நீயும் பத்தரை வரை பார்த்ததாக எழுதியிருக்கிறாய். பஞ்சின் மேல் குற்றம் இல்லை, போன்காரன் மேலும் இல்லை. பங்கு பிரித்ததை எல்லாம் அடித்துவிடு, மொத்தமும் என் பேரில் போடு.

இதைக் கிழித்துவிட்டு வேறு கடிதம் எழுதுகிறேன் என்றேன். "வேண்டாம், ரெண்டையும் சேர்த்தே அனுப்புங்க. எம்புட்டு அழகா எழுதறீங்கன்னு அவளும் பாக்கட்டும்" என்கிறாள் உன் அண்ணி.

வெள்ளிக்கிழமை பொதிகளோடு லாரியில் நானும் வருகிறேன், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து. அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நீ கதவைத் திறக்காவிட்டால் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு பொதியாகப் பிரித்து வெயிலில் பரப்பிக்கொண்டிருப்பேன், தெருவில் போகிறவர்கள் கேட்டால் குண்டூசியின் அண்ணன் என்பேன். அந்த நாற்காலியை இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுக்காதே.

பாதி விலை என்று மேலே எழுதியிருப்பதையும் அடித்துவிடு. வாய் திறந்தது நான். விலையை நீ சொல்.